வெயில் பார்த்த கீரை

என்னைப் பொய்க்காரி என்று ஒன்பது பேர் முன்னால் சொன்ன மனிதர் நிறையப் படித்தவர். நான்கு மொழிகளில் தடங்கலில்லாமல் பேசுவார். அவருக்குக் கீழேதான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பெங்களூரு. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. வயசானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். யாருக்கு ஆறுகிறதோ தெரியாது, எனக்கு ஆறவில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் என் கோபம் புரியாது.

இலை வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீரை உடைக்கிறது. உடைக்கும்போது ஆக்சிஜன் வெளியே வருகிறது. நீங்களும் நானும் மூச்சு விடுவது அதனால்தான். தண்ணீரை உடைக்கும் அந்த இடம், இலையின் பச்சைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வுகளில் இருக்கிறது. அங்கே மாங்கனீசு அணுக்கள் சில கூடி உட்கார்ந்திருக்கும். அவை நழுவிவிடாதபடி வெளியிலிருந்து சில புரதங்கள் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கும். இந்தப் புரதங்கள் வெளிச்சத்தைப் பிடிப்பதில்லை, தண்ணீரையும் உடைப்பதில்லை. ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுகிறோமே, அந்த அட்டையின் வேலைதான் இவற்றுக்கு. சவ்வு சூடானால் முதலில் இவை கழன்று விழும். பின்னாலேயே மாங்கனீசும் போகும். அப்புறம் எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் ஆக்சிஜன் வராது.

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் வெளிச்சம் பிடிக்கிற நடுப்பகுதி மேல்தான் கண். முட்டுக் கொடுக்கிற புரதங்களை உப்புத் தண்ணீரில் கழுவித் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். "அதெல்லாம் சில்லறை ஐட்டம்மா" என்பார் சார். கடைசியாக வந்து சேர்ந்தவள் நான் என்பதால் அந்தச் சில்லறையை என் தலையில் கட்டினார். கட்டினது கட்டினார், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. தாங்கிப் பிடிக்கிறவர்களைச் சில்லறை என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுர்ரென்று ஏறும்.

அப்பா மாநகராட்சியில் தெருக்களுக்குத் தண்ணீர் வால்வு திறந்துவிடுகிறவர். அம்மா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுவாள். ஸ்ரீராம்புரத்தில் ஒரே அறை கொண்ட வீடு. சாருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருந்தது. தாத்தா சமஸ்தான உத்தியோகம். அவரும் தமிழ், நானும் தமிழ். ஆனால் அவர் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடியது. அவர் என்னோடு இங்கிலீஷில்தான் பேசுவார், அவசரத்துக்கும் ஆத்திரத்துக்கும் மட்டும் தமிழ்.

எங்களுக்கு வேண்டிய இலை பாலக் கீரைதான். செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் காலையில் அட்டெண்டர் சந்தைக்குப் போய், பனி ஈரம் காயாத கட்டுகளாக வாங்கி வருவார். அதை அரைத்து, வடிகட்டி, குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் பச்சைச் சவ்வு அடியில் படியும். அந்த மெஷின் இருந்தது ஒன்றே ஒன்று. யாருக்கு எந்த நாள் என்று ரெஜிஸ்டரில் எழுதி வைத்திருப்பார்கள். சீனியர்கள் செவ்வாயையும் சனியையும் வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது வியாழக்கிழமை, அட்டெண்டர் சந்தைக்குப் போகாத நாள்.

அதனால் நான் புதன்கிழமை சாயங்காலம் வீடு திரும்பும்போது எங்கள் சந்து முனைத் தள்ளுவண்டியில் பாலக் வாங்குவேன். ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலை ஒயர் கூடையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோவேன். ஆய்வகத்தில் ஐஸில் வைத்து, பச்சை பல்பு மட்டும் எரியும் இருட்டு அறையில் அரைப்பேன்.

நோட்டில் எல்லோரும் முதல் வரியாக ஒரே வாக்கியத்தை எழுதுவார்கள்: புதிய இலைகள், காலைச் சந்தையில் வாங்கியவை. நானும் அதையே எழுதினேன். ஏன் எழுதினாய் என்று கேட்டால், வெட்கம். ஒருநாள் என் ஒயர் கூடையைப் பார்த்து ஒரு சீனியர், "என்ன, வீட்டுக்குச் சமையலா, இங்க சமையலா?" என்று சிரித்தார். அதற்கப்புறம் தள்ளுவண்டி என்று எழுதக் கை வரவில்லை. தப்பு என் மேல்தான். அதை இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அந்த வருஷம் மார்ச்சில் எனக்கு அந்தச் சமாச்சாரம் கிடைத்தது. சவ்வை நாற்பத்தைந்து டிகிரித் தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்துச் சூடு காட்டி எடுத்து, ஆக்சிஜன் அளக்கிற சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு விளக்கைப் போட்டேன். ஆக்சிஜன் வந்தால் பக்கத்திலிருக்கும் பேனா, உருளும் தாளில் மேலே ஏறிக் கோடு போடும். சூடு பட்ட சவ்வுக்குப் பேனா படுத்தே கிடக்க வேண்டும், அதுதான் எல்லோரும் பார்த்தது. என் பேனா ஏறியது. நான் விளக்கை அணைத்துப் பார்த்தேன், நின்றது. போட்டேன், மறுபடியும் ஏறியது. அடுத்த வியாழனும் ஏறியது. புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினால், ஒவ்வொன்றும் ஒரு கோடாகத் தெரியும். மற்றவர்களுடைய ஜெல்லில் இல்லாத ஒரு மெல்லிய கோடு என்னுடையதில் இருந்தது. குட்டிப் புரதம் ஒன்று. அது வந்து ஒட்டிக்கொண்டு சூட்டில் மற்றவற்றைக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் அன்றைக்கு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சாருக்கும் சந்தோஷம்தான், அதையும் சொல்ல வேண்டும். கோடுகளைப் பார்த்துவிட்டு டெல்லியில் நடந்த ஒரு கூட்டத்தில் பெரிய பெரிய ஆட்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் ஒரு சீனியரை அழைத்து, "நீயும் ஒரு தடவை போட்டுப் பார்" என்றார். சீனியர் செவ்வாய்க்கிழமைக் கீரையில் போட்டார். பேனா அசையவில்லை. சனிக்கிழமைக் கீரையில் போட்டார். அப்போதும் இல்லை. மூன்றாவதாக ஒரு செவ்வாய்க்கிழமை சார் என்னையே தம் கண் முன்னால் செய்யச் சொன்னார். செய்தேன். பேனா படுத்தே கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வாராந்தர மீட்டிங். நீள மேஜையைச் சுற்றி என்னைத் தவிர ஒன்பது பேர், தலைப்பக்கம் அவர். இங்கிலீஷில் தொடங்கினார், பாதியில் தமிழுக்கு வந்தார்.

"ஒரு தடவை வரலைன்னா தப்புன்னு விட்டுடலாம். மூணு தடவையும் வரலைன்னா அது தப்பில்லம்மா, பொய். நம்பரை நீயா உக்காந்து எழுதியிருக்கே."

"சார், பேனா போட்ட கோடு இருக்கு. தாள் இருக்கு."

"சூடு காட்டாத டியூபைப் போட்டுட்டு, சூடு காட்டினதுன்னு எழுதினா பேனாவுக்கு என்ன தெரியும்?"

தமிழ் தெரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது, அவர் முகமே சொன்னது.

"திங்கக்கிழமைக்குள்ள ரெண்டு வரி எழுதிக் குடு. ரிசல்ட்டை வாபஸ் வாங்கறேன்னு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். இல்லேன்னா வேற கைடைத் தேடிக்கோ."

"எழுத மாட்டேன் சார்" என்றேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். பாத்ரூமில் போய் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அழுதேன்.

வீட்டில் அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தால், அவள் ஊதுபத்தி மாவுக் கையோடு வேறு விதமாகப் பேசினாள்.

"பெரிய மனுசன் கேக்குறாரு, எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாப்பியா? ரெண்டு வரில இன்னா கொறஞ்சிடப் போற?"

"ரெண்டு வரியில நான் திருடின்னு எழுதணும்மா."

"படிப்பு பூட்சின்னா இன்னாடி பண்ணுவ? நாலு வருசம் தண்டமா?"

"நாலு வருஷம் போனாப் போவட்டும். நான் பண்ணாததைப் பண்ணேன்னு எழுதினா, அப்புறம் நான் எழுதுறதை எவன் நம்புவான்?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் பயம். அன்றைக்கு எனக்கு அம்மா மேல் வந்த கோபம், சார் மேல் வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

திங்கள் வந்தது, நான் கடிதம் கொடுக்கவில்லை. செவ்வாயும் கொடுக்கவில்லை. சார் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார். பக்கத்து மேஜையில் ஒரு தோழி இருந்தாள், ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரி. "சும்னே ஹடா பேட கணே" என்று கெஞ்சினாள். வீண் பிடிவாதம் வேண்டாமாம். நான் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். உப்பு அதே உப்பு, சூடு அதே சூடு, மெஷின் அதே மெஷின். ஒரு கட்டத்தில், நிஜமாகவே டியூபை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த இரண்டு நாட்கள்தான் மொத்தத்திலும் மோசமான நாட்கள். மற்றவர்கள் நம்பாததைத் தாங்கிக்கொள்ளலாம், நானே என்னை நம்பாமல் போனதைத் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் வண்டியில் நின்றேன். இந்த முறை ஆராய்ச்சிக்கு இல்லை, குழம்புக்கு. ஏப்ரல் வெயில் சாய்ந்திருந்தாலும் தணியவில்லை. கீரைக்காரி கட்டுகளின் மேல் போட்டிருந்த நீலப் பிளாஸ்டிக் தாளைத் தூக்கினாள். உள்ளேயிருந்து குப்பென்று அனல் என் முகத்தில் அடித்தது.

"என்னக்கா, கீரை இப்பவே வெந்திருக்கு?"

"காலையிலேருந்து வெயில்ல நிக்கிறேன், அது மட்டும் ஊட்டியிலயா நிக்கும்? தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத்தான் உசுரோட வெச்சிருக்கேன். வேணும்னா எடு, வேணாம்னா மூடு, காத்து பட்டா வாடிப்பூடும்."

நான் கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கதகதவென்று இருந்தது. இந்தக் கீரை, பறித்த பிறகும் உயிரோடு இருக்கிறது. பகல் முழுக்கச் சூட்டில் கிடந்து, அந்தச் சூட்டைத் தாங்க என்ன வேண்டுமோ அதைத் தனக்குத் தானே செய்துகொண்டிருக்கிறது. சந்தைக் கீரை வெயிலையே பார்க்காமல் நேராக ஐஸுக்குப் போகிறது, அதற்கு அந்தக் குட்டிப் புரதம் எதற்கு? ஒவ்வொரு புதன்கிழமையும் இந்த வண்டியில்தான் வாங்கினேன். இது எனக்கு ஏன் முன்னாடியே தோன்றவில்லை? காலைச் சந்தை, காலைச் சந்தை என்று எழுதி எழுதி அதை நானே நம்பிவிட்டிருந்தேன்.

"இன்னா கண்ணு, எடுக்கிறியா இல்லியா?" என்றாள். இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் வியாழன். என்னை யாரும் இன்னும் ரெஜிஸ்டரிலிருந்து அடிக்கவில்லை. விடிந்ததும் நானே சந்தைக்குப் போய், பனி ஈரத்தோடு ஒரு பெரிய கட்டு வாங்கி வந்தேன். அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை ஆய்வகத்தின் குளிர் அறையில் வைத்தேன். மறு பாதியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் தெளித்து, நீலப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, உள்ளே ஒரு தெர்மாமீட்டரையும் செருகினேன். முப்பத்தெட்டு டிகிரி காட்டியது. மத்தியானம் வரை மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன். அப்புறம் இரண்டு பாதியையும் தனித்தனியாக அரைத்து, ஒரே மெஷினில் ஒரே நேரத்தில் சுழற்றினேன். டியூபுகளில் நம்பர் எழுதுகிற வேலையைப் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்தேன். "எது எதுன்னு எனக்குச் சொல்லாதே, சீட்டுல எழுதி மடிச்சு உன்கிட்டயே வெச்சுக்கோ" என்றேன். "நீ மட்டும் திருந்தவே மாட்டே" என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

மெஷின் சத்தம் கேட்டு சார் வந்தார்.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?"

"வியாழக்கிழமை என்னுது சார். ரெஜிஸ்டர்ல இருக்கு."

"லெட்டர் எங்கே?"

"லெட்டர் இல்ல சார். அரை மணி நேரம் நில்லுங்க. எந்த டியூப் எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நீங்களே சூடு காட்டுங்க, நீங்களே ஊத்துங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அடிப்படையில் நல்ல விஞ்ஞானி. சட்டைக் கையை மடித்துவிட்டார். தண்ணீரின் சூட்டை இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். முதல் டியூபைச் சூடு காட்டி ஊற்றி விளக்கைப் போட்டார். பேனா படுத்துக் கிடந்தது. அடுத்த டியூபையும் அதேபோல் சூடு காட்டி ஊற்றினார். பேனா ஒரு நொடி யோசித்தது போல நின்று, அப்புறம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, இரண்டையும் விழுங்கினேன். அவர் மூன்று தடவை மாற்றி மாற்றிப் போட்டார். மூன்று தடவையும் அதே டியூப்தான் ஏறியது. தோழி சீட்டைப் பிரித்தாள். மாடியில் வெயில் பார்த்த பாதி.

"நோட்டுல ஒரு பொய் இருக்கு சார்" என்றேன். "காலைச் சந்தைன்னு எழுதினது. அது எங்க தெரு தள்ளுவண்டிக் கீரை, பகல் பூரா வெயில்ல நின்னது. சொல்ல வெட்கப்பட்டு எழுதிட்டேன்."

உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ நீ பொய் சொன்னது வாஸ்தவம்தானே?"

"கீரை வாங்கின இடத்தைப் பத்திச் சொன்னேன் சார், அதுக்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன். நம்பரைப் பத்தி நான் பொய் சொல்லல."

இரண்டு நாள் கழித்து ஜெல்லிலும் அந்த மெல்லிய கோடு வந்தது, மாடிக் கீரையில் மட்டும். சார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் காபி வரவழைத்தார். கட்டுரை எழுதலாம் என்றார், என் பெயரே முதலில் இருக்கட்டும் என்றார். பழைய விஷயத்தை மறந்துவிடலாம் என்றார்.

"மறக்கலாம் சார். அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை மீட்டிங்ல, நான் பொய் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அது எதுக்கும்மா? எல்லாருக்கும்தான் இப்ப தெரியுமே."

"எல்லாருக்கும் தெரிஞ்சதைச் சொல்றதுல என்ன சார் கஷ்டம்?"

காபி ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை அவர் அரை மணி நேரம் பேசினார். வெயிலில் வைத்த இலை, சூடு தாங்கும் சவ்வு, புதிய புரதம், எல்லாவற்றையும் அழகாக விளக்கினார். வார்த்தைக்கு வார்த்தை 'நாங்கள்'. அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கடைசியில், கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டு நோட்டை மூடப் போனார். பக்கத்து மேஜைக்காரி வேண்டாம் என்பது போல் மேஜைக்கடியில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் கையைத் தூக்கினேன்.

முதலில் என் தப்பைச் சொன்னேன். சந்தைக் கீரை இல்லை, தள்ளுவண்டிக் கீரை, நோட்டில் மாற்றி எழுதியது நான், அதனால்தான் மற்றவர்களுக்கு வரவில்லை, சீனியரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். பிறகு அவரைப் பார்த்துத் தமிழில் கேட்டேன்.

"சார், இதே மேஜையில, நம்பரை நானா உக்காந்து எழுதினேன்னு சொன்னீங்க. எழுதினேனா?"

அவர் பேனாவுக்கு மூடி போட்டார். மேஜையைச் சுற்றி எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். நான் உட்காரவில்லை, பதில் வரும்வரை நிற்கிறதாகத்தான் எண்ணம்.

"இல்லை" என்றார். அப்புறம், "எழுதலை" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கட்டுரை வந்தது, பட்டமும் வந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வைத்ததற்கு அவர் என்னை மன்னிக்கவில்லை. வெளிநாட்டில் ஒரு நல்ல ஆய்வகத்தில் இடம் கிடைக்கிற மாதிரி இருந்தபோது அவருடைய சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். இவர் ஒழுங்காக வருவார், நேரம் தவற மாட்டார் என்று எழுதி அனுப்பினார். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. நான் இங்கேயே ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

பக்கத்து மேஜைக்காரி இப்போதும் போனில் அந்தப் பேச்சை எடுப்பாள். அன்றைக்குக் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் நீ எங்கேயோ போயிருப்பே என்பாள். போயிருப்பேன்தான். பொய்க்காரியாகப் போயிருப்பேன்.